38 படி, 15 டிகிரி: கோத்தகிரியில் ஒரு முழங்கால் மூட்டு மாற்றுக்குப் பிறகு

அறுவை முடிந்த 18ஆம் நாள் இயன்முறைச் சிகிச்சைக்காக (பிசியோதெரபி) அந்த அம்மாவின் வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது, அவர் விறகடுப்புக்கு ஒரு முழம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது முட்டி மடங்கியபடி இருந்தது. அதன்மேல் வெந்நீர்ப் பை, அதற்கும் மேலே நாலாக மடித்த கம்பளி. கட்டிலில் முட்டிக்கு அடியில் வைக்கிற தலையணை தயாராகக் கிடந்தது. இந்த மூன்றும்தான் இந்த நிகழ்வின் முக்கால் பங்கு. மலையில் மூட்டு மாற்றிக்கொண்டு வருகிறவர்களின் வீடுகளில் குளிர்காலத்தில் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்பதால் இதை முழுதாக எழுதிவைக்கிறோம்.

நோயாளியும் அறுவையும்

வயது 62. கோத்தகிரிக்கும் அரவேணுவுக்கும் இடையே சாலைக்குக் கீழே வீடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்று, முதுகில் சுமையோடு ஏறி இறங்கிய முட்டிகள். இரண்டிலும் தேய்மானம், வலதில் அதிகம், கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தது. எடை 68 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அறுவைக்கு முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.4. அறுவைக்கு முன்பே வலது முட்டி முழுதாக நீளாது, 10 டிகிரி குறைவு. மடக்கம் 105 டிகிரி. முன்பு எவ்வளவு மடங்கியதோ பெரும்பாலும் அதை ஒட்டித்தான் பின்பும் மடங்கும் என்பதால் இந்த எண்கள் முக்கியம்.

நவம்பர் கடைசியில் கோவையில் ஒரு மருத்துவமனையில் வலது முழங்காலுக்கு முழு மூட்டு மாற்று நடந்தது. தொடை எலும்பின் முனைக்கு கோபால்ட்-குரோமியம் உறை, கீழே உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் மெத்தை. உலோகப் பாகங்கள் எலும்பு சிமென்ட்டால் பிடிக்கவைக்கப்பட்டன. அறுவையில் சிக்கல் எதுவும் இல்லை. மறுநாளே வாக்கரில் நடந்தார். 4ஆம் நாள் வீடு திரும்பியபோது நீட்டலில் குறைவு 5 டிகிரி, மடக்கம் 85. நல்ல எண்கள்தான். ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் 2.5 மி.கி. தினம் இரு வேளை 12 நாளுக்கு, வலிக்குப் பாராசிட்டமால் 650 மி.கி. நான்கு வேளை. 14ஆம் நாள் காயத்தை மூடியிருந்த பின்களை எடுத்தார்கள். காயம் மூடியிருந்தது.

மலையேறும் பயணமும் ஒழுங்காகவே நடந்தது. காரில் முன் இருக்கையை முழுதாகப் பின்னால் தள்ளி, காலை நீட்டி, கணுக்காலை மேலும் கீழும் அசைத்தபடி வந்திருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் இறங்கி வாக்கரில் பத்து நிமிடம் நடந்துவிட்டுத்தான் மலைப்பாதையில் ஏறினார்கள். அதற்குப் பிறகுள்ள 33 கி.மீ. வளைவுகளில் நிறுத்தி இறங்க வசதியான இடம் குறைவு என்பதால் இது சரியான ஏற்பாடு.

18ஆம் நாள் கண்டது

மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்து அளந்தால் நீட்டலில் குறைவு 15 டிகிரி. மருத்துவமனையிலிருந்து வந்ததைவிட 10 டிகிரி மோசம். மடக்கம் 80. படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால் குதிகால் எழும்பும் முன் முட்டி தளர்ந்து மடங்கியது. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி உட்கார 34 விநாடி. வீடு வந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை.

கம்பளியை விலக்கிப் பையை எடுத்ததும் தழும்புக்கு வெளிப்பக்கம் 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு கொப்புளம். உடையவில்லை, தெளிந்த நீர். சுற்றிலும் சிவப்பு.

"வலிக்கலையாம்மா?"

"இல்லீங்க டாக்டரம்மா. அந்தப் பக்கம் மரத்துப்போன மாதிரிதான் இருக்கு. சூடே தெரியலைன்னுதான் நல்லாக் கொதிக்கிற தண்ணியா ஊத்தித் தரச் சொன்னேன்."

முழங்காலின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு நரம்புக்கிளை தோலுக்குக் கீழே குறுக்காக ஓடி வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தருகிறது. முன்பக்கம் நேராகக் கீறும்போது அது அறுபடுவதைத் தவிர்ப்பது அரிது. அதனால் தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போவது இயல்பு. மாதங்கள் போகப் போகப் பரப்பு சுருங்கும், கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கலாம். ஆபத்தில்லாத இந்த மரப்பு, வெந்நீர்ப் பையோடு சேரும்போதுதான் ஆபத்து. சூடு உறைக்காத தோலில் வெந்நீர் வைத்தால் தோல் வெந்த பிறகும் தெரியாது. இவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. கொப்புளத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே உலோக மூட்டு. இங்கே தோல் உடைந்து கிருமி உள்ளே போனால் அடுத்தது மறு அறுவை வரைக்கும் போகக்கூடும்.

மருமகளிடம் கேட்டதில் மற்றவை தெரிந்தன. "தலகாணிய எடுத்துடுங்க அத்தைன்னா, எடுத்தா வலிக்குதுங்கறாங்க. பக்கத்து வீட்டுல நீலகிரித் தைலம் தேச்சு உருவிவிடச் சொன்னாங்க, அது மட்டும் நான் வேண்டாம்னுட்டேன்." அந்தப் பெண் மறுத்தது பெரிய உதவி. ஆறு வாரத்துக்குள் தழும்பின்மேல் தைலம் தோலை எரிச்சலூட்டும். கெண்டைக்காலை அழுத்தி உருவுவது, அங்கே ரத்தக்கட்டி இருந்தால் அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும்.

மாத்திரையையும் நான்கு வேளைக்குப் பதில் இரவில் ஒன்று மட்டும்தான் போட்டிருக்கிறார், வயிறு புண்ணாகிவிடும் என்ற பயம். வயிற்றைப் புண்ணாக்குவது டைக்ளோஃபெனாக் போன்றவை. பாராசிட்டமால் 650 நான்கு வேளை என்பது 2.6 கிராம்தான். வலிக்காகப் பயிற்சியைத் தவிர்த்து, பயிற்சி இல்லாததால் இறுகி, இறுகியதால் மேலும் வலித்திருக்கிறது.

கொப்புளத்துக்குச் செய்தது

படம் எடுத்து அன்றே அறுவை செய்தவருக்கு அனுப்பினோம். மறுநாள் கோவைக்கு வரச் சொல்லிப் பார்த்தார். மூட்டுக்குள் புதிதாக நீர் கோக்கவில்லை, தழும்பில் கசிவில்லை, காய்ச்சல் இல்லை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி, அறுவைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்ச் சில வாரங்கள் எடுத்து இறங்கும். அதனால் ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 5 நாள் இடைவெளியில் இருமுறை எடுத்து, இறங்குமுகம் என்று உறுதிசெய்தார்கள். கொப்புளத்தைக் குத்தவில்லை. சலைன் கொண்டு துடைத்து, ஒட்டாத வலைத்துணி வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினோம். 12 நாளில் உலர்ந்து புதுத்தோல் வந்தது.

ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டு சிவந்தால் மெடிக்கலில் சொல்லி 5 நாள் மாத்திரை வாங்குவது மலையில் வழக்கம், ஏனென்றால் அறுவை மருத்துவர் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறார். மூட்டுக்குள் உண்மையிலேயே தொற்று இருந்தால் அந்த அரைகுறை மாத்திரை கிருமியைக் கொல்லாது, மறைத்துவிடும். பிறகு ஊசியில் நீரெடுத்து வளர்த்துப் பார்த்தாலும் எந்தக் கிருமி என்று பிடிபடாது. முதலில் நீரெடுப்பு, பிறகுதான் மருந்து. காயத்திலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் கசிந்தாலும், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடினாலும் மெடிக்கலுக்குப் போகாமல் அறுவை செய்தவரைக் கூப்பிட வேண்டும். முட்டி தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும், சாயங்காலம் வீங்குவதும் மட்டும் ஆறு மாதம் வரை இயல்பே. நடக்கும்போது உள்ளே 'டக்' என்று கேட்பதும் அப்படித்தான், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்கிற சத்தம்.

குளிருக்கு என்ன செய்வது? "மார்கழியில முட்டிக்கு ஐஸா?" என்று வீட்டில் எல்லோரும் திகைத்தார்கள். குளிர் எடுப்பது உடம்புக்கு, முட்டி உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னோம். ஸ்வெட்டர், குல்லா, கம்பளிக் காலுறை, தொடைவரை போர்வை, கையில் சூடாகக் காப்பி. முட்டி மட்டும் வெளியே. இரவு முழுக்க முற்றத்தில் இருந்த வாளித் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, உலர்ந்த மெல்லிய துணிக்கு மேல் 15 நிமிடம். கொப்புளம் ஆறும்வரை அதைத் தொடாமல் முட்டிக்கு மேலேயும் உட்பக்கமும் மட்டும். அந்த ஊரில் அந்த மாதத்தில் ஐஸ் தேவையே இல்லை. மரத்த தோலுக்குக் குளிர்ச்சியும் உறைக்காது என்பதால் கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டும், எடுத்ததும் தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நீட்டல்

மூட்டு மாற்றியவரைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது "எவ்வளவு மடங்குது?" என்றுதான். முழுதாக நீளுகிறதா என்று கேட்பவர் இல்லை. இவரிடம் இருந்த அச்சிட்ட பயிற்சித் தாளிலும் மடக்குவதற்கு நான்கு படங்கள், நீட்டுவதற்கு ஒன்று, அதுவும் பின்பக்கத்தில். தலையணையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

15 டிகிரி மடங்கிய காலில் நிற்பது, அரை உட்காரலில் நிற்பதற்குச் சமம். நேரான முட்டி எலும்பின்மேல் எலும்பாகப் பாரத்தைத் தாங்கும். மடங்கிய முட்டிக்குத் தொடைத்தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தசையோ அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்திருக்கும். கால் குட்டையாகி இடுப்பு சாயும், முதுகு வலிக்கும். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் வலி குறைவது உண்மை, மூட்டுப்பை தளர்ந்து நீருக்கு இடம் கிடைக்கிறது. அந்த நிலையிலேயே பின்பக்கத் திசு இறுகிவிடுகிறது. முதல் ஆறு வாரம் அது இளந்தழும்பு, இழுத்தால் கொடுக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகு தோல்வார்.

செய்யச் சொன்னது இது. தலையணையைக் குதிகாலுக்கு மாற்றுவது: ஒரு துண்டை 10 செ.மீ. உருளையாகச் சுருட்டிக் கணுக்காலுக்கு அடியில் வைத்தால் முட்டி அந்தரத்தில் தொங்கித் தன் எடையிலேயே நீளும். முதல் நாள் 3 நிமிடம்தான் தாங்கினார். ஒரு வாரத்தில் 10 நிமிடம், தினம் ஐந்து முறை. இரண்டாம் வாரத்தில் அரைக் கிலோ உப்புப் பொட்டலத்தைக் காலுறையில் போட்டு, தழும்பிலும் கொப்புளத்திலும் படாமல் முட்டிக்குச் சற்று மேலே தொடையில் வைத்தோம். பிறகு 1 கிலோ. கனத்தைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டுவதே பலன் தரும். எம்பி அழுத்தினால் தசை எதிர்த்து இறுகும், மறுநாள் வீங்கும். துண்டு இருக்கும்போதே முட்டியைக் கீழே அழுத்தி, தொடை கல்லாக இறுக 5 விநாடி பிடித்து, 10 தடவை.

மடக்க, கட்டிலில் பாலித்தீன் விரித்துக் காலுறையோடு குதிகாலைப் பிட்டம் நோக்கி வழுக்கி இழுப்பது. நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி 10 விநாடி நிறுத்துவது. பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு பாராசிட்டமால். பயிற்சியின் வலி அரை மணிக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும். இரவுவரை நீடித்து, மறுநாள் வீக்கமும் கூடினால் அளவு மிஞ்சிவிட்டது, பாதியாகக் குறைக்க வேண்டும்.

அடுப்பங்கரையை விட்டு அவரை எழுப்ப நாங்கள் முயலவில்லை. மார்கழியில் அது நடக்காது. எதிரே இன்னொரு முக்காலி போட்டு, குதிகால் மட்டும் அதன்மேல், கெண்டைக்கால் அந்தரத்தில். குளிர் காய்கிற இரண்டு மணி நேரமும் நீட்டல் பயிற்சியானது. இந்த ஒரு மாற்றம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்தது என்பது எங்கள் கணிப்பு.

படி

வீட்டிலிருந்து சாலைக்கு 38 படி. அளவுநாடா வைத்து அளந்தோம். உயரம் 16 முதல் 24 செ.மீ. வரை, ஒன்றைப்போல் ஒன்று இல்லை. மேல் 11 சிமென்ட், மற்றவை கல் பதித்த மண்படி. நிழல் விழும் பக்கம் பாசி. கைப்பிடி கிடையாது. அறுவைக்கு முன் இதை யாரும் கேட்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் நடந்ததையும், கைப்பிடியோடு நான்கு படி ஏறியதையும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

சமதளத்தில் நடக்க 70 டிகிரி மடக்கம் போதும். படி இறங்க 90 முதல் 100 வேண்டும், 24 செ.மீ. படிக்கு இன்னும் கூட. உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளில் அளந்தபடி, சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் இறங்கும் பாரம் உடல் எடையில் சுமார் இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. ஏறுவது மூச்சுக்குத்தான் கஷ்டம், முட்டிக்குச் சோதனை இறக்கம்.

"ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்" என்று எல்லோருக்கும் சொல்லித்தருவோம். இவரிடம் அது முழுதாகச் செல்லவில்லை. அறுவைக் கால் முதலில் கீழே போகும்போது மேலே நின்று மடங்கிக்கொடுத்து உடம்பை இறக்குவது மற்றக் கால். அந்த இடது முட்டியும் தேய்ந்தது. மூன்றாம் படியிலேயே இடது முட்டி பிடித்துக்கொண்டது. அதனால் பயிற்சியை இரண்டு காலுக்கும் சமமாக வைத்தோம். கொல்லையில் கொத்தனார் 10 செ.மீ., 15 செ.மீ., 20 செ.மீ. என மூன்று மேடை கட்டினார். மேடையில் ஒரு காலில் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை 3 விநாடி எடுத்து இறங்கி ஏறுவது. 8 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இடுப்பு ஒருபக்கம் சாயாமல், முட்டி உள்ளே விழாமல் செய்ய முடிந்த பிறகே அடுத்த உயரம். 10 செ.மீ. மேடையில் 5ஆம் வாரம் தொடங்கி, 20க்கு வந்தது 11ஆம் வாரம்.

படிகளையும் திருத்தினார் மகன். ஒன்றேகால் இன்ச் ஜி.ஐ. பைப்பில் தரையிலிருந்து 88 செ.மீ. உயரத்தில் கைப்பிடி, கடைசிப் படியைத் தாண்டி ஒரு அடி நீட்டி. அப்படி நீட்டாவிட்டால் கடைசிப் படியில்தான் கை வெறுமையில் விழும். மிக உயரமான நான்கு படிகளில் 12 செ.மீ. அரைப்படி. பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டு, சிமென்ட் விளிம்பில் குறுக்கே கோடு கீறினார். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது. ஊன்றுகோல் இடது கையில், செருப்புப் போட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு உயரம். அதன் அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் ஈரக்கல்லில் அதுவே வழுக்கும், மாதம் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

நடை நேரம் காலை 10 முதல் மாலை 3 வரை மட்டும். விடியலில் பனியீரம்; பொழுது சாய்ந்தால் காட்டுமாடும் கரடியும் தேயிலைக்குள்ளிருந்து இறங்கும் ஊர், புது முட்டியோடு ஓட முடியாது. மழை நாளில் புல்வழியே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் நாட்களில் அட்டை கடித்தால் ரத்தம் எளிதில் நிற்காது, அறுவை செய்த காலில் அந்தக் கடிவாய் கிருமிக்கும் வழி.

கழிப்பறை வீட்டுக்கு வெளியே, குத்துக்கால் வகை. கமோடு நாற்காலி வாங்கி 48 செ.மீ. உயரத்தில் வைத்தார்கள். இருக்கை முட்டி மடிப்பைவிடச் சற்று உயரமாக இருந்தால் எழுவது எளிது. இரவில் அதே நாற்காலி கட்டிலருகே.

27ஆம் நாள் ஒரு பயம்

வலது கெண்டைக்கால் வீங்கியிருப்பதாக மாலை 4 மணிக்கு மருமகள் அழைத்தார். முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் நாடாவால் சுற்றி அளக்கச் சொன்னோம். வித்தியாசம் 3.5 செ.மீ. 3 செ.மீ.க்கு மேல் என்றால் அலட்சியம் கூடாது, அவர் அபிக்ஸபான் முடித்துப் பதினைந்து நாளாகிவிட்டது. மலைப்பாதையில் மூடுபனி இறங்கும் முன் கிளம்பச் சொல்லி, அன்றிரவே டாப்ளர் (ரத்தக்குழாய் ஸ்கேன்) பார்த்தார்கள். ஆழ்சிரையில் கட்டி இல்லை, முட்டி நீர் கீழே இறங்கிய வீக்கம். கணுக்கால் அசைவும், படுக்கையில் காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைப்பதும் போதுமாயின. உயர்த்தும்போதும் தாங்கல் குதிகாலுக்குத்தான். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கூட வந்திருந்தால் நாடாவுக்கே நேரமில்லை, நேராக 108.

எண்கள்

6ஆம் வாரம் நீட்டல் குறைவு 6 டிகிரி, மடக்கம் 97, எழுந்து நடந்து உட்கார 18 விநாடி. அப்போது மடக்கம் 90க்குக் கீழே நின்றிருந்தால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சைக்கு அனுப்புவதாக இருந்தோம். மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அது நன்றாகப் பலிக்கும். 12ஆம் வாரம் குறைவு 2, மடக்கம் 112, 11.5 விநாடி. அரை நிமிடத்தில் கை ஊன்றாமல் 9 முறை எழுந்தார். 10ஆம் வாரம் கைப்பிடியும் ஊன்றுகோலுமாகத் தனியே 38 படியும் ஏறி இறங்கினார். ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி இறங்கியது ஐந்தாம் மாதம். சம்மணம் போடுவதும் குந்துவதும் இல்லை. மரத்த இடம் உள்ளங்கையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருக்கிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் இயன்முறைச் சிகிச்சை அரசு வழியாகவும் கிடைக்கிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறுவைக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தால் இவரை 18ஆம் நாளுக்குப் பதில் முதல் வாரமே பார்த்திருக்கலாம். 15 டிகிரியும் கொப்புளமும் உருவானது அந்த இடைவெளியில்தான்.

இடது முட்டிக்கு அடுத்த குளிர் முடிந்து மாசியில் அறுவை என்று பேசியிருக்கிறார்கள். அதன் நீட்டல் குறைவு இப்போது 8 டிகிரி, மடக்கம் 108. குதிகால் துண்டுப் பயிற்சியை அந்தக் காலுக்கும் இப்போதே ஆரம்பித்துவிட்டார், அடுப்பங்கரை முக்காலியில் இரண்டு குதிகாலும் இருக்கின்றன. படியின் மறுபக்கத்துக்கும் பைப் வந்து இறங்கியிருக்கிறது.